டூவீலர் கேள்வி – பதில்: கார்பரேட்டர் சொட்டுகிறதா?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகை மாசு விதி) வண்டிகளில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்பரேட்டர் பெரும்பாலும் கிடையாது, எல்லாம் இன்ஜெக்‌ஷன். ஆனால் வயலுக்கும் சந்தைக்கும் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவை அதற்கு முந்தைய வண்டிகள்தானே? இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெட்ரோல் ஒழுகல் பற்றியவற்றை மட்டும் தனியாக எடுத்திருக்கிறோம்.

கேள்வி: அப்பா ஓட்டிய 2001 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் இப்போது என் கையில். ராத்திரி தார்சாவில் (வீட்டு முன்பகுதியில்) நிறுத்தினால் காலையில் கார்பரேட்டருக்கு நேர் கீழே ஈரம். வீடு முழுக்க பெட்ரோல் வாசம், அம்மா தினமும் ஏசுகிறாள். திருப்புளி பிடித்துப் பழக்கமில்லை. நானே கழற்றிப் பார்க்கலாமா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்

பதில்: பார்க்கலாம் தம்பி. ஆனால் இன்று ராத்திரியே வண்டியைத் தார்சாவை விட்டு வெளியே கொண்டுபோய் விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, பூஜை விளக்கையோ கேஸ் அடுப்பையோ தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். வேலையும் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். பக்கத்தில் பீடி கூடாது. ஒரு வாளி மணல் இருக்கட்டும்; பெட்ரோல் தீயில் தண்ணீரை ஊற்றினால் தீ பரவும்.

எதையும் கழற்றுமுன், எங்கிருந்து சொட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் 'ரிப்பேர் கிட்' வாங்குவதில்தான் முதல் காசு வீணாகிறது. கார்பரேட்டரை வெளியே துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பெட்ரோல் டேப்பைத் திறந்துவிட்டு, டார்ச் அடித்துப் பத்து நிமிஷம் பாருங்கள். ஈரம் முதலில் தெரியும் இடம் எது? டேப்பிலிருந்து வரும் ரப்பர் குழாயின் முனையா, அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணமும் கார்பரேட்டரின் உடலும் சேரும் கோடா, அடியில் தொங்கும் மெல்லிய குழாயா?

ரப்பர் குழாய் முனை என்றால் குழாய் விறைத்துப்போயிருக்கும். முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டுக் கிளிப் போட்டால் தற்காலிகமாக நிற்கும், ஆனால் புதுக்குழாய் போடுவதே சரி. பழைய துண்டைக் கடைக்குக் கொண்டுபோய் அதே உள்ளளவில் வாங்குங்கள். சேரும் கோடு என்றால் கிண்ணத்தின் ஓ ரிங் (கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது.

அடிக்குழாய் என்றால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த வகை கார்பரேட்டரில் கிண்ணத்தை வடிக்கும் திருகும், கூடுதல் பெட்ரோல் வழியும் ஓவர்ஃப்ளோ குழலும் ஒரே வாயில்தான் வந்து சேர்கின்றன. சொட்டு எதிலிருந்து என்று பார்வையில் தெரியாது. சொட்டிக்கொண்டிருக்கும்போதே டேப்பை மூடுங்கள். சில சொட்டுகளில் நின்றுவிட்டால் கிண்ணத்தில் அளவுக்கு மேல் ஏறியதுதான் வழிந்திருக்கிறது. கோளாறு பெட்ரோல் வரவை அடைக்கும் நீடில் வால்விலோ, மிதவையான ஃப்ளோட்டிலோ. டேப்பை மூடியும் கிண்ணம் காலியாகும்வரை சொட்டினால் வடிகால் திருகு பிடிக்கவில்லை. நடுவில் நின்றால் கிண்ணத்துக்குள் நிற்கும் பித்தளைக் குழலில் விரிசல். விரிசல் இருக்கும் உயரம் வரைக்கும்தான் பெட்ரோல் இறங்கும். ஆக, டேப்பை ஒரு முறை மூடித் திறப்பதிலேயே பாதி வேலை முடிகிறது.

நீடில்–ஃப்ளோட் என்று முடிவானால் அடுத்தது கழற்றுவது. கிண்ணத்துக்குள் ஃப்ளோட் மிதக்கிறது. பெட்ரோல் ஏற ஏற அதுவும் ஏறி, தன் கையால் நீடிலை மேலே தள்ளி, பெட்ரோல் வரும் துளையை அடைக்கிறது. நீடிலைத் தள்ளும் விசை மிகக் கொஞ்சம். துளையின் இருக்கையில், அதாவது நீடில் போய் உட்காரும் விளிம்பில், ஒரு துரும்பு சிக்கினாலே போதும், மூடாது. டேங்க் நிறைந்திருக்கும்போது ஒழுகல் கூடுவதும் இதனால்தான். பெட்ரோல் நிற்கும் உயரம் கூடக்கூட நீடிலைக் கீழே தள்ளும் அழுத்தமும் கூடுகிறது.

வேண்டியவை: 10 எம்.எம். ஸ்பேனர், பொருத்தமான திருப்புளிகள், அலுமினியத் தட்டு, கண்ணாடிப் புட்டி, துணி, கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கண்ணுக்குக் கண்ணாடி. ஸ்ப்ரேயை ஒரு துளையில் அடித்தால் அது இன்னொரு துளை வழியாகக் கண்ணுக்கே திரும்பி வரும். திருப்புளி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ஜப்பான் வண்டிகளின் குறுக்குவெட்டு ஸ்க்ரூ தலை, சாதாரண ஸ்டார் திருப்புளிக்கு முழுதாகப் பொருந்தாது. கொஞ்சம் அழுத்தினால் வழுக்கித் தலையைச் சுரண்டிவிடும். கடையில் 'ஜே.ஐ.எஸ்.' (ஜப்பான் தர அளவு) என்று கேளுங்கள்.

டேப்பை மூடி, வடிகால் திருகைத் தளர்த்தி, கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடியுங்கள். புட்டியை வெளிச்சத்தில் வைத்து ஐந்து நிமிஷம் விடுங்கள். அடியில் குண்டு குண்டாகத் தண்ணீர் நின்றாலோ, சிவப்புத் தூள் படிந்தாலோ, காரணம் டேங்கில் இருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு குழாய்களை உருவி, மேல் மூடியைத் திருகித் திறந்து, ஆக்சிலரேட்டர் வயரில் ஏறி இறங்கும் ஸ்லைடை அந்த வயரோடு மேலே இழுத்துவிடுங்கள். அதைக் கழற்றாமல் ஒரு பையில் சுற்றி ஓரமாகத் தொங்கவிடலாம். இரண்டு போல்ட்டுகளைக் கழற்றினால் கார்பரேட்டர் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டும்போது எது எந்தப் பக்கம் என்ற சந்தேகம் வராது.

கிண்ணத்தைத் திறந்ததும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஃப்ளோட்டைத் தாங்கும் சிறு கம்பி, 'பின்'. அது இரண்டு மெல்லிய தூண்களுக்கு நடுவே இருக்கும். சில கார்பரேட்டர்களில் ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாக இருக்கும். தளர்ந்த பக்கத்திலிருந்து மெல்லத் தள்ள வேண்டும். வராவிட்டால் சுத்தியல் எடுக்காதீர்கள். அந்தத் தூண் உடைந்தால் கார்பரேட்டரே போச்சு. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கையால் தூணைத் தாங்கிப் பிடித்து, தேய்ந்த ஆணி ஒன்றால் தள்ளுங்கள்.

நீடிலின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். போன் கேமராவைப் பெரிதாக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். வழவழப்பாக இருந்தால் பிழைத்தது. முனையைச் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் தெரிந்தால் எந்தச் சுத்தமும் உதவாது, புதிய நீடில்தான். வாலில் ஸ்பிரிங் வைத்த சிறு ஊசி இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள், தானே திரும்ப வர வேண்டும். என்ஜின் அதிர்வை அதுதான் வாங்கிக்கொள்கிறது.

இருக்கை பல மாடல்களில் உடலோடு அழுத்தி வைத்தது; கழற்ற வராது. துடப்பத்தில் ஒரு ஈர்க்கு எடுத்து நுனியில் பஞ்சு சுற்றி, துளி மெட்டல் பாலிஷ் தொட்டு, உள்ளே விட்டு இருபது முப்பது சுற்று சுற்றுங்கள். பிறகு கிளீனரால் பாலிஷை முழுதும் கழுவ வேண்டும். கம்பி, ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம். இருக்கையில் ஒரு கீறல் விழுந்தால் ஒழுகல் நிரந்தரம். பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளைக்கும் இதே விதிதான். அடைப்பு விடாப்பிடியாக இருந்தால் மின்வயரின் ஒரே ஒரு செப்பு இழை போதும்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே 'சலக்' என்று கேட்டால் ஓட்டை. சந்தேகமானால் பெட்ரோல் வாடை போகக் கழுவிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி எடுத்துவந்த சுடுநீரில் அமுக்குங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பிளாஸ்டிக் ஃப்ளோட் என்றால் மாற்றுவதுதான் வழி. அதன் நாக்கும் பிளாஸ்டிக் என்றால் வளைத்து உயரம் சரிசெய்யும் வேலையும் இல்லை. பழைய பித்தளை ஃப்ளோட்டில் ஈயம் வைத்து அடைக்கலாம், ஆனால் ஈயத்தின் கனத்தில் ஃப்ளோட் தாழ்ந்து, கிண்ணத்தில் மட்டம் ஏறிவிடும். குறைந்த அளவு வையுங்கள்.

நீடில், ஃப்ளோட், பின் மூன்றையும் திரும்பப் போட்டு, கிண்ணம் மூடாமல் ஒரு சோதனை. பெட்ரோல் வரும் வாயில் ஒரு சுத்தமான புதுக்குழாய்த் துண்டைச் சொருகி, கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, லேசாக ஊதுங்கள். ஃப்ளோட்டின் எடையே நீடிலை அழுத்துவதால் காற்று போகக்கூடாது. நிமிர்த்தினால் தாராளமாகப் போக வேண்டும். தலைகீழாக இருக்கும்போது காற்று கசிந்தால் வண்டியில் மாட்டினாலும் ஒழுகும். மாட்டும் முன்பே திரும்பவும் இருக்கையைப் பாருங்கள்.

கிண்ணத்தை மூடும்போது ஓ ரிங் ஊறிப் பெரிதாகிக் குழியில் உட்காராமல் அடம் பிடிக்கும். பிய்த்து எறிய வேண்டாம். ஒரு பகல் காற்றில் வைத்தால் தானே சுருங்கும். கிளீனரை அதன்மேல் அடித்துவிடாதீர்கள், மறுபடி ஊதிவிடும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாக இறுக்குங்கள். உடல் மெல்லிய வார்ப்பு உலோகம். 'இன்னும் கொஞ்சம்' என்று அழுத்தினால் மரை போய்விடும்.

ஸ்லைடை இறக்கும்போது அதன் நீள வெட்டு உள்ளே இருக்கும் பின்னோடு பொருந்த வேண்டும், அரைவட்ட வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். என்ஜினைக் கிளப்புமுன் ஹேண்டில்பாரை இடம், வலம் முழுக்கத் திருப்பி, ஆக்சிலரேட்டரை முறுக்கி விடுங்கள். ஒவ்வொரு முறையும் 'டக்' என்று திரும்ப வேண்டும். ஸ்லைடு திறந்தபடி மாட்டிக்கொண்ட வண்டி கிளம்பியதும் சுவரில்தான் போய் நிற்கும்.

கேள்வி: யமஹா ஆர்.எக்ஸ்.100 வைத்திருக்கிறேன். கார்பரேட்டரைச் சுத்தம் செய்தால் நாலு நாள் நன்றாக இருக்கிறது, பிறகு மறுபடி ஒழுகுகிறது. இரண்டு மாதத்தில் மூன்று முறை ஆகிவிட்டது.
– திசையன்விளை வாசகர்

பதில்: மூன்று முறையும் நீங்கள் செய்தது சரிதான். குப்பை திரும்பத் திரும்ப மேலிருந்து வருகிறது. ஆனி, ஆடிக் காற்றில் உங்கள் பக்கம் தேரி மணல் பறக்கும்போது, மூடியின் ரப்பர் போன டேங்கில் நுண்மணல் போகாமல் இருக்காது. ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. எந்த வண்டியானாலும் டேங்க் முப்பது வயதை நெருங்கிவிட்டது அல்லது தாண்டிவிட்டது. துரு இருக்கும்.

டேப்பைக் கழற்றிப் பாருங்கள். டேங்குக்குள் நிற்கும் சல்லடைக் குழல் கிழிந்திருந்தால் முழு டேப்பையும் மாற்றுவது நல்லது. அதில் உயரமான வாய் சாதாரண ஓட்டத்துக்கு, அடிமட்ட வாய் ரிசர்வுக்கு. பல வண்டிகள் 'ரிசர்வில் வந்த நாளிலிருந்து ஒழுகுது' என்று வருவதற்கு அடிவண்டலை அந்த வாய் உறிஞ்சுவதுதான் காரணம்.

டேங்கைக் காலி செய்து கழற்றி, டேப் துளையை அடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பிறகு வெள்ளை வினிகரை நிரப்பி ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஊறவிடுங்கள், நடுநடுவே ஆட்டுங்கள். வினிகரைக் கொட்டியதும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து அலச வேண்டும். மிச்சமிருக்கும் அமிலத்தை அது முறிக்கும். நல்ல தண்ணீரில் இன்னொரு அலசு, உடனே வெயிலில் காயவைத்து, கொஞ்சம் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயிலை உள்ளே சுழற்றிவிடுங்கள். காய்ந்த இரும்பை அப்படியே விட்டால் மத்தியானத்துக்குள் புதுத் துரு பூத்துவிடும். வினிகருக்குப் பதில் புளிக்கரைசல் ஊற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். செப்புக் குடத்துக்குப் புளி நல்லது. டேங்குக்குள் அதன் நார் தங்கி, கடைசியில் நீடிலில்தான் வந்து நிற்கும்.

காலி டேங்கில் ஆவி நிற்கும். கழுவாத டேங்கை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது.

குழாயில் ஒரு சிறு ஃபில்டர் போடலாம். கார் ஃபில்டர் வேண்டாம். அது பம்ப் அழுத்தத்துக்குச் செய்தது. தானாக வழிந்து இறங்கும் பெட்ரோலுக்கு உரிய வகையைக் கேளுங்கள். குழாய் எங்கும் மேல்நோக்கி வளையாமல் இருக்கட்டும். வளைந்தால் காற்று தங்கி, வேகத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டி திணறும்.

கேள்வி: கார்பரேட்டர் ஒழுகுகிறது. இப்போது என்ஜின் ஆயில் அளவும் கூடியிருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது. ஓட்டலாமா?
– உவரி வாசகர்

பதில்: கிளப்பவே வேண்டாம். வழிந்த பெட்ரோல் வெளியே போகாமல் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலந்திருக்கிறது. நீர்த்த ஆயில் எதையும் காக்காது. ஒரே பயணத்தில் என்ஜின் தேய்ந்துவிடும். டேப்பை மூடி, பிளக்கைக் கழற்றி, அதன் வயரை வண்டியிலிருந்து தள்ளி வைத்து, பத்துப் பன்னிரண்டு முறை மெதுவாகக் கிக் செய்து சிலிண்டரைக் காலி செய்யுங்கள். ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். ஆனால் முதலில் நீடில், பிறகு ஆயில். வரிசையை மாற்றினால் புது ஆயிலும் வீண்.

பிளக் மாட்டியிருக்கும்போது கிக்கர் நடுவழியில் கல்லில் இடித்த மாதிரி நின்றால் காலால் ஓங்கி மிதிக்காதீர்கள். சிலிண்டருக்குள் பெட்ரோல் நிறைந்திருக்கலாம், திரவம் அமுங்காது. கனெக்டிங் ராட் வளையும்.

நீங்கள் கடற்கரையில் இருப்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்கிறோம். உப்புக் காற்றில் கிண்ணத்தின் அலுமினிய விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை மாதிரி அரிப்பு பூக்கும். ஓ ரிங் எவ்வளவு புதிதானாலும் அந்த விளிம்பில் பிடிக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் 600 நம்பர் தண்ணீர்க் காகிதம் (நுண்ணிய உப்புத்தாள்) விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து எட்டு போட்டுத் தேயுங்கள். விளிம்பு முழுக்க ஒரே மாதிரிப் பளபளத்தால் போதும்.

கேள்வி: கிண்ண விளிம்பில் கசிகிறது. எம்-சீல் அல்லது சிலிகான் கோந்து தடவலாமா?
– முக்கூடல் வாசகர்

பதில்: வேண்டாம். சிலிகான் பெட்ரோலில் ஊறிப் பிய்ந்து ஜெட்டை அடைக்கும். எம்-சீலோ அடுத்த முறை திறக்கவே விடாது.

கேள்வி: என்னுடையது பழைய புல்லட். சென்டர் ஸ்டாண்டில் நன்றாக இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டால் மட்டும் ஒழுகுகிறது.
– கல்லிடைக்குறிச்சி வாசகர்

பதில்: வண்டி சாயும்போது கிண்ணத்தில் பெட்ரோலின் மட்டம் ஒரு பக்கம் ஏறி ஓவர்ஃப்ளோ குழலைத் தொடுகிறது. மட்டம் சரியாக இருந்தால் அந்தச் சாய்வைத் தாங்கும். உங்களுடையது கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. ஃப்ளோட்டின் பித்தளைக் கையை வளைத்துக் குறைக்கலாம். கார்பரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, கை நீடிலை லேசாகத் தொடும் நிலையில், உடலின் விளிம்புக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். விரலை வைத்து அழுத்தாதீர்கள், நீடிலின் ஸ்பிரிங் ஊசி அமுங்கி அளவு தப்பாகும். தலைமுடி அளவுக்கு வளைத்து, மாட்டி, பார்த்து, பிறகு மறுபடி. ஒரேயடியாகக் குறைத்தால் வேகத்தில் பெட்ரோல் பற்றாமல் என்ஜின் சூடாகும்.

இன்னும் பழைய, டிக்ளர் பொத்தான் வைத்த கார்பரேட்டர் என்றால், பொத்தானை அழுத்தும்போது பெட்ரோல் வழிவது கோளாறு அல்ல. குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்காகவே ஃப்ளோட்டை அமுக்கி மட்டத்தை ஏற்றுகிறது. பொத்தானை விட்ட பிறகும் வழிந்தால்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நானே கார்பரேட்டரைக் கழுவினேன். ஒழுகல் நின்றது. ஆனால் இப்போது சோக் போட்டால்தான் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் அணைகிறது.
– சங்கரன்கோவில் வாசகர்

பதில்: பெட்ரோல் பற்றவில்லை அல்லது காற்று கூடிவிட்டது. நீங்கள் கழற்றி மாட்டியதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டர் முறுக்காமல் ஓடும்போது, பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் நடுத்துளையில் வெளிச்சம் தெரிகிறதா? அது மயிரிழை அளவுதான், கழுவியும் அடைப்பு மிஞ்சும். கார்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவே இருக்கும் ஓ ரிங் உட்கார்ந்திருக்கிறதா? ஐடிலில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டத்தின் சத்தம் மாறினால் அங்கே காற்றை இழுக்கிறது.

மூன்றாவது டியூனிங் ஸ்க்ரூ. அதைக் கழற்றுமுன் உள்ளே லேசாகத் தொடும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் பரவாயில்லை, உள்ளே தொட்டு, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஆரம்பியுங்கள். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு கால் சுற்றாக நகர்த்தி, ஓட்டம் எங்கே வேகமாகவும் சீராகவும் வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். திசையில் குழப்பம் வரும்: ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருகினால் பெட்ரோல் குறையும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோலை அளக்கிறது, வெளியே திருகினால் கூடும். உள்ளே முட்டிய பிறகு அழுத்தாதீர்கள், முனை நசுங்கிவிடும்.

கேள்வி: இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலால்தான் பழைய வண்டிகள் ஒழுகுகின்றன என்கிறார்களே?
– பாளையங்கோட்டை வாசகர்

பதில்: கொஞ்சம் உண்மை. எத்தனாலுக்காகச் செய்யாத பழைய ரப்பர் குழாயும் ஓ ரிங்கும் அதில் சீக்கிரம் ஊதும், பிறகு காய்ந்து வெடிக்கும். எத்தனால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடி வழியாகத் தண்ணீர் இறங்கி அளவு மீறினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் நிற்கும். துருவும் அங்கேதான் தொடங்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டேப்பை மூடிவிட்டு, வண்டி தானாக அணையும்வரை ஓடவிட்டு, வடிகால் திருகில் மிச்சத்தையும் வடித்துவிடுங்கள். ரப்பரை மாற்றும்போது 'வைட்டான்' ஓ ரிங் கேளுங்கள். விலை கூடுதல், ஊதாது.

ஆனால் தேய்ந்த நீடிலுக்கு எத்தனால் மேல் பழி போடாதீர்கள். அது சாதாரணப் பெட்ரோலிலும் ஒழுகியிருக்கும்.